தூத்துக்குடித் துறையும் சிதம்பரம்பிள்ளையும்

இலங்கைக்கும் தென்பாண்டி நாட்டுக்கும் இடையே கிடக்கும் கடல் மிக ஒடுங்கியது. கொழும்பில் மாலையிற் கப்பலேறியவர் மறுநாட் காலையில் தூத்துக்குடிக் கரையைக் காணும் நிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தது. அரிசியும் துணியும் மிளகாயும் வெங்காயமும் அவ்வழியே இந்நாட்டுக்கு வந்தன. தேயிலைத் தோட்டங்களிற் பாடுபட வந்த ஏழை மக்களுட் பல்லாயிரவரும் அவ்வழியே வந்தனர். ஆயினும் அக்கடலிற் சென்ற நீராவிக் கப்பல்கள் அதன் இருகரையிலும் வாழ்ந்த மக்களுக்கு உரியனவல்ல. ஏறுவோர் நம்மவர், ஏற்றுவோர் நம்மவர், கூலி கொடுப்போரும் நம்மவர். கப்பல் மட்டும் பிறருடையது. இது ஏன் என்று கேட்டு, அக்கேள்விக்கு விடையாகக் கப்பலையே கொண்டுவந்து நிறுத்தியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. அவர் வாழ்க்கையையும், அவ்வாழ்க்கைக்கு அரங்காய் அமைந்த தூத்துக்குடித் துறையின் வரலாற்றையும் இம்மலரைப் படிக்கும் அன்பர்முன் சுருக்கமாக வைக்க விழைகின்றோம்.

துறையும் ஊரும்

தூத்துக்குடி பழம் புகழ் வாய்ந்த கொற்கைக்கு அண்மையில் உள்ளது. கொற்கையைக் கடல் கைவிட்டு விலகியபின், அக்கரையின் முத்து வாணிகம் நாளடைவில் தூத்துக்குடியை நாடியது. முத்துக்குளித்தலிலும் சங்கு குளித்தலிலும் வல்ல பரதவர் அவ்வூரின் பழங்குடியினர். பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அங்கே கால்கொண்டனர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தித் துறையைக் கைப்பற்றினர். அதே ஆண்டிலேயே யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயிற்று என்பதை நம் மாணவர் அறிவர். அக்காலத்தில் தூத்துக்குடிப் பண்டகசாலை கொழும்பிலிருந்த ஒல்லாந்த ஆட்சியின் மேற்பார்வையிலேயே நடைபெற்றது. 1825ஆம் ஆண்டில் அவ்வூர் முடிவாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

ஈண்டு ஒரு வியப்பைக் குறிப்பிடலாம். ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரையில் வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துக்கள் பின்னிக் கிடக்கும். பழைய கட்டடங்களிலும் நாணயங்களிலும் நம்மவர் அம்முத்திரையைக் கண்டிருப்பர். அதே மூன்று எழுத்துக்கள்தாம் பின்னாளில் அத்துறையிற் சுதேசிக் கப்பல் விட்ட தமிழரின் பெயருக்கு ஆங்கிலத் தலைப்பெழுத்துக்களாய் அமைந்தன.

ஆங்கிலேயர் காலத்தில் துறையின் தன்மை மாறியது. முத்தின் இடத்தைப் பருத்தி பிடித்தது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி மாட்டுவண்டிகளில் வந்து குவிந்தது. நீராவி இயந்திரங்கள் அதனை அழுத்திப் பொதிகளாக்கின. 1876ஆம் ஆண்டில் மணியாச்சியிலிருந்து புகைவண்டிப் பாதை கடற்கரைவரை வந்தது. ஏ. அன்ட் எஃப். ஹார்வி என்னும் ஸ்கொத்லாந்துச் சகோதரரின் கம்பனி, கடலோரத்திலேயே கோரல் ஆலை என்னும் நூல் ஆலையை நிறுவியது. கரையெங்கும் உப்பளங்கள் வெண்மையாய் விரிந்தன. பண்டகசாலைகளும் சுங்கச் சாவடியும் வெள்ளையர் வணிக இல்லங்களும் கடற்கரை வீதியை நிறைத்தன.

இவ்வளவு வாணிகம் நடந்தும் துறை ஆழமற்றது. பெருங் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பொதிகளையும் மூடைகளையும் ஆட்களையும் தோணிகளில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலிற் சேர்க்க வேண்டும். ஆகவே தோணி செலுத்துவோரும் மூடை சுமப்போருமே அத்துறையின் உயிர்நாடியாய் விளங்கினர். ஆயின் தோணிக்கு அப்பால் நின்ற கப்பலோ பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனிக்கு உரியது. வில்லியம் மக்கின்னன் என்பவர் 1856ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்குமிடையே தொடங்கிய சிறு தொழிலிலிருந்து வளர்ந்து, இந்துமாகடல் முழுவதும் பரந்த பெருங் கம்பனி அது. தூத்துக்குடியில் அதன் முகவர் ஹார்வி கம்பனியாரே. ஆலையும் அவர்களது, கப்பற் சீட்டும் அவர்களது. ஊரின் உழைப்பும் கடலின் வழியும் ஒரே கையில் அகப்பட்டிருந்தன.

பிறப்பும் கல்வியும்

சிதம்பரம்பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் திகதி ஒட்டப்பிடாரத்தில் உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தர் தம் ஊரிலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கல்வி கற்றார். அவர் பயின்ற நிலையங்களுள் திருநெல்வேலி இந்துக் கல்லூரியும் ஒன்று என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. சில காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தபின், திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று 1894ஆம் ஆண்டிற் பிளீடர் தேர்விற் சித்தியெய்தினார். நம் நாட்டிற் பிறக்கிறாசிமார் செய்த தொழிலை ஒத்தது அது. ஏழைகளின் வழக்குகளை ஊதியம் கருதாது நடத்தியமையாலும், பொலிசார் தொடுத்த பொய் வழக்குகளை உடைத்தமையாலும் அதிகாரிகளின் சினம் அவர்மேல் வளர்ந்தது. 1900ஆம் ஆண்டில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து அங்கே தொழில் நடத்தினார்.

தமிழிலும் சைவத்திலும் அவருக்கு இளமையிலேயே ஈடுபாடு உண்டு. 1905ஆம் ஆண்டில் வங்காளம் பிளவுபட்டதும் சுதேசிய இயக்கம் நாடெங்கும் பரவியது. சென்னையில் இராமகிருஷ்ண மடத்துத் தலைவராய் இருந்த இராமகிருஷ்ணானந்த சுவாமிகளுடன் உரையாடிய வேளையிற் சுதேசியக் கருத்து அவர் உள்ளத்தில் வித்தாய் விழுந்தது. பாரதியாரின் நட்பு அவ்வித்துக்கு நீராயிற்று. தூத்துக்குடிக்கு மீண்டவர் தருமசங்க நெசவுச்சாலையையும் சுதேசியப் பண்டகசாலையையும் ஏற்படுத்தினார். ஆயினும் தறியும் கடையும் போதா என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். கடல் வழி பிறர் கையில் இருக்கும்வரை கரையில் நடக்கும் வாணிகமும் அவர் தயவிலேயே நடக்கும் என்பது அவர் கண்ட உண்மை.

கம்பனி தோன்றியமை

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆந் திகதி சுதேசி நீராவிக் கப்பற் கம்பனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அது ரூபா 25 பெறுமதியுள்ள 40,000 பங்குகளாய் வகுக்கப்பட்டது. தலைவராய் அமைந்தவர் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரும் அவரே. யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதியைப் பதிப்பித்து நம்மை என்றும் கடப்பாட்டிற்குள்ளாக்கியது அச்சங்கமே. தமிழ் வளர்த்த கைகளே கப்பலும் விட முன்வந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

பங்கின் விலையை 25 ரூபாவாக வைத்தமையிற் சிதம்பரம்பிள்ளையின் உட்கருத்து விளங்கும். அக்காலத்தில் அது சிறு தொகையன்று. ஆயினும் ஒரு கடைக்காரரோ ஆசிரியரோ வருந்திச் சேர்த்தாற் கொடுக்கத்தக்க தொகை. செல்வர் சிலரின் உடைமையாகாமல் ஊராரின் உடைமையாகக் கப்பல் அமைய வேண்டும் என்பது அவர் எண்ணம். இந்தியரும் இலங்கையருமாகிய ஆசிய நாட்டவரே பங்கு கொள்ளலாம் என்றும் வகுக்கப்பட்டது. செட்டிமாரும் முஸ்லிம் வணிகரும் பிறரும் பங்கு வாங்கினர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விடுவதோடு, நம் இளைஞருக்குக் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் கற்பித்தலும், அதற்குரிய கல்லூரியும் தொழிற்றுறையும் அமைத்தலும் கம்பனியின் நோக்கங்களுள் அடங்கின.

தொடக்கத்திற் கம்பனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலுள்ள ஷா கம்பனியாரிடமிருந்து வாடகைக்குப் பெற்ற கப்பலைக்கொண்டு தொழில் நடந்தது. எதிர்த் தரப்பாரின் வற்புறுத்தலால் அவர்கள் கப்பலை மீட்டுக்கொண்டனர். அவ்வேளையிற் கைகொடுத்தது கொழும்பு. சிதம்பரம்பிள்ளை இலங்கைக்கு விரைந்து, இங்கிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தித் தொழில் தடைப்படாது காத்தார். பிறர் கப்பலை நம்பியிருத்தல் மணல்மேற் கட்டிய வீடாகும் என்று கண்டு, சொந்தக் கப்பல் வாங்கும் பொருட்டு வடநாடு சென்றார். கப்பலோடன்றி மீளேன் என்று அவர் சூளுரைத்துச் சென்றதாகக் கூறுவர்.

1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களும் தூத்துக்குடித் துறையை வந்தடைந்தன. ஒவ்வொன்றும் முதல் வகுப்பில் 42 பேரையும், இரண்டாம் வகுப்பில் 24 பேரையும், சாதாரண வகுப்பில் 1,300 பேரையும், 4,000 மூடைகளையும் ஏற்றவல்லது என்பர். தோணிக்காரரும் மூடை சுமப்போரும் பங்குதாரரும் பங்கில்லாதாரும் கரையிற் கூடி ஆரவாரித்தனர். அதுகாறும் தூரத்தில் நின்ற கப்பலைப் பிறர் பொருளாகவே பார்த்துப் பழகிய கண்கள், அன்று முதன்முறையாகத் தமது கப்பலைக் கண்டன.

கூலிப் போர்

வெள்ளையர் கம்பனி சும்மா இருக்கவில்லை. கொழும்புக்குச் செல்லும் கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் வெள்ளையர் கம்பனி கட்டணமின்றியே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோருக்குக் குடை ஒன்று இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தது என்பது இன்றும் வழங்கும் செய்தி. பல துறைகளில் இலாபம் பெறும் பெருங் கம்பனி ஒரு துறையில் நட்டமடைந்தால் அது அதற்குப் பொருட்டன்று. ஒரே துறையை நம்பிய சிறு கம்பனிக்கோ ஒவ்வொரு நாளும் உயிர்ப் போராட்டம். இருந்தும் பயணிகளும் வணிகரும் நெடுங்காலம் சுதேசிக் கப்பலையே நாடினர். இலவசத்தை வேண்டாமென்று தள்ளிக் காசு கொடுத்து ஏறிய ஏழைகளின் பெருந்தன்மையை எந்த வரவுசெலவுக் கணக்கிலும் எழுத இயலாது.

ஆலைத் தொழிலாளர்

கடலிற் போர் நடக்கும்போதே கரையிலும் ஒன்று மூண்டது. கோரல் ஆலையில் ஆண்களும் பெண்களும் சிறுவரும் விடியுமுன் புகுந்து இருட்டியபின் வெளிவந்தனர். கூலியோ அற்பம், வார விடுமுறையும் இல்லை. 1908ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27ஆந் திகதி அவர்கள் வேலையை நிறுத்தினர். சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் முன்னின்று வழிநடத்தினர். ஊரார் தொழிலாளர் குடும்பங்களுக்கு உணவும் பொருளும் உதவினர். சுதேசியத்துக்கு மாறாகப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரத் தொழிலாளர் சவரம் செய்ய மறுத்தனர். ஒன்பது நாட் சென்றபின் ஆலைக்காரர் இணங்கினர்: கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தது. வழக்குமன்றத்திற் பேசிப் பழகியவர் ஆலை வாசலில் நின்று பேசக் கற்றுக்கொண்டார். இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இவ்வேலைநிறுத்தம் மிக முற்பட்டனவற்றுள் ஒன்று.

சிறைவாழ்வு

கப்பலாலும் ஆலையாலும் அரசினர் சினம் முற்றியிருந்தது. விபின சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான நாளாகிய 1908 மார்ச்சு 9ஆந் திகதியைத் தடையை மீறிக் கொண்டாடினர். 12ஆந் திகதி சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிற் பெருங் கலகம் மூண்டது. அரசாங்கக் கட்டடங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

1908ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆந் திகதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இரண்டு குற்றங்களுக்கு இரண்டு ஆயுள் தண்டனை. அஃதாவது நாற்பது ஆண்டு. தீர்ப்பைக் கேட்ட தம்பியார் மீனாட்சிசுந்தரம் சித்தம் பேதலித்து, மீண்டும் தெளியவேயில்லை. மேல்முறையீட்டிற் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் பின்னர் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் அடைபட்டிருந்தார். கோயம்புத்தூரில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிற் பூட்டி எண்ணெய் ஆட்டுவித்தனர். கப்பலைச் செலுத்திய கை செக்கைச் சுற்றியது. அந்நிலையிலும் அவர் ஏட்டை விடவில்லை. தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் பயின்றார்; ஜேம்ஸ் அலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழ்ப்படுத்தினார்.

அவர் சிறையிலிருந்தபோது 1911ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. தூத்துக்குடியிற் துணைக் கலெக்டராய் இருந்து சுதேசிக் கம்பனியை ஒடுக்கியவரெனக் கருதப்பட்ட ஆஷ் என்பவரை, அவ்வாண்டு யூன் 17ஆந் திகதி மணியாச்சிச் சந்தியில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். மற்றது அத்துணை ஓசையின்றி நடந்தது: சுதேசிக் கம்பனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விலைப்பட்டன. எவரை எதிர்த்து வாங்கப்பட்டனவோ அவர் கைக்கே கப்பல் போய்ச் சேர்ந்த கொடுமை சிதம்பரம்பிள்ளையின் உள்ளத்தைச் செக்கினும் மிகுதியாக வருத்தியது.

பிற்காலம்

1912ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அவர் விடுதலையானார். 1908இல் அவரைக் கொண்டாடிய கூட்டம் சிறைவாசலில் இல்லை. வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சொந்த மாவட்டத்துக்கும் திரும்ப முடியவில்லை. சென்னையில் அரிசிக் கடையும் நெய்க் கடையும் வைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பிற்பாடு வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவருடைய வழக்கறிஞர் உரிமையை மீட்டளிக்க உதவினார். அந்நன்றியை மறவாது தம் மைந்தருக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் நற்செயலைப் பெற்ற பிள்ளையின் பெயரிலே பொறித்து வைத்தார் என்றால், அவர் பகைத்தது ஆட்சியையேயன்றி மனிதரையன்று என்பது தெளிவு.

வறுமையிலும் அவர் தமிழ்த் தொண்டு ஓயவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை ஆராய்ந்து பதிப்பித்தார். நம் சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தை ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றிய பெரும் பணியைத் தொடர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். திருக்குறளின் அறத்துப்பாலுக்கு உரை வரைந்தார். மெய்யறம், மெய்யறிவு முதலிய செய்யுள் நூல்களையும், தம் வரலாற்றைச் செய்யுளாகவும் இயற்றினார். இறுதியில் மீண்டும் தூத்துக்குடிக்கே வந்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆந் திகதி, தம் விருப்பப்படியே காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லப்பெற்று அங்கே உயிர் நீத்தார். 

துறையின் பிற்காலம்

துறையின் கதை அத்துடன் முடியவில்லை. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியதும், கொழும்புப் பயணிகளிற் பெரும்பாலோர் அவ்வழியே சென்றனர். அவ்வாண்டிலேயே பிரித்தானிய இந்தியக் கம்பனி பி. அன்ட் ஓ. கம்பனியோடு இணைந்தது, 1970களின் தொடக்கத்தில் அதன் பெயரே மறைந்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தூத்துக்குடியோ பருத்தியாலும் உப்பாலும் தோணி வாணிகத்தாலும் நிலைத்து நின்றது. சுதந்திர இந்தியாவில் அங்கே ஆழ்கடற் துறைமுகம் கட்டப்பெற்று, 1974ஆம் ஆண்டு யூலை 11ஆந் திகதி பெருந்துறைமுகமென அறிவிக்கப்பட்டது. பெருங் கப்பல்கள் கரையோடு கரையாய் அணைந்து நிற்கலாயின. 2011ஆம் ஆண்டில் அத்துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் பெயரே சூட்டப்பட்டது. அதே ஆண்டிற் கொழும்புக்கும் தூத்துக்குடிக்குமிடையே மீண்டும் பயணிகள் கப்பல் ஓடிச் சில மாதங்களில் நின்றுபோயிற்று.

நாம் கருதவேண்டியது

சிதம்பரம்பிள்ளையின் கம்பனி ஏன் வீழ்ந்தது? எதிரியின் செல்வத்தாலும் அரசின் அடக்குமுறையாலும் என்பது உண்மை. ஆயின் முழு உண்மையன்று. ஒருவர் சிறை சென்றதும் கம்பனி தளர்ந்தது. பங்கு வாங்கியோர் பலர். பொறுப்பு வாங்கியோர் சிலர். ஆரவாரித்த கை எல்லாம் கணக்கேட்டைப் பிடிக்கும் கையாகவில்லை. அவருடைய ஆற்றலைக் குறைத்துப் பேசுதற்காக இதனைக் கூறுகின்றோமல்லோம். ஒருவர் தோளில் ஊர்ப் பாரம் முழுவதையும் ஏற்றிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுதல் போதாது என்பதே நாம் சொல்ல விழைவது.

இந்துக் கல்லூரிகளின் வரலாற்றையும் ஈண்டு நினைத்துப் பார்த்தல் தகும். அவையும் சுதேசிக் கம்பனியைப் போலவே, பிறர் கையிலிருந்த ஒரு வழியை நம்மவர் கைக்குக் கொண்டுவர எழுந்தவை. அவையும் ஊரார் சிறுகச் சிறுகக் கொடுத்த பொருளால் எழுந்தவை. கம்பனி ஐந்தாண்டில் மறைந்தது. கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாய் நிலைத்தன. ஒருவர் ஓய்ந்த இடத்தில் மற்றொருவர் வந்து பொறுப்பேற்றமையே அதற்குக் காரணம். நிறுவினோரும் முகாமையாளரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அப்பாரத்தை மாறி மாறிச் சுமந்தனர்.

விழாவில் மகிழ்ந்திருக்கும் பழைய மாணவர் இதனை ஒரு கணம் எண்ணுவாராக. இளமாணவர், தம் ஊரின் துறையிலோ தெருவிலோ சந்தையிலோ, உழைப்பவர் ஒருவராகவும் உடையவர் வேறொருவராகவும் இருக்கக் காணுமிடத்து, அது ஏன் என்று கேட்கப் பழகுவாராக. கேட்டபின் கணக்கேட்டையும் கையில் எடுப்பாராக. சிதம்பரம்பிள்ளையின் பெயர் இன்று ஒரு துறைமுகத்தின் வாயிலிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவர் விரும்பிய கப்பற் கல்லூரியும், ஊரார் பலர் சேர்ந்து ஒன்றை உடைமையாக்கி ஒழுங்காக நடத்தும் பழக்கமும் அப்பெயரினும் பெரியவை. அவற்றை வளர்ப்பதே அவருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியாகும்.